மறதி என்று வரும் மலையக முதியவரின் இரத்தத்தையும் பாருங்கள்: சுகாதாரப் பணிப்பாளர்களுக்கு ஒரு திறந்த மடல்

மத்திய, ஊவா, சப்ரகமுவ மாகாணங்களின் சுகாதார சேவைகள் பணிப்பாளர்களுக்கும், மலையக ஆதார வைத்தியசாலைகளின் பொறுப்பு வைத்தியர்களுக்கும்,

வணக்கம்.

நான் மலையகத்து அரச வைத்தியசாலைகளின் ஆய்வுகூடங்களில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். பிறந்து வளர்ந்தது தேயிலைத் தோட்டத்து லயத்து வரிசை வீட்டில். நம் வயதானவர்களுக்கு ஞாபகம் தவறிப்போகும்போது வைத்தியசாலையில் அவர்களுக்கு என்ன நடக்கிறது, என்ன நடக்காமல் போகிறது என்பதைப் பற்றி உங்களிடம் கொஞ்சம் விரிவாகவே பேச வேண்டியிருக்கிறது.

2025 மே மாதம் அமெரிக்காவின் உணவு, மருந்து நிர்வாகம், மறதிநோய்களில் ஒரு வகையான அல்சைமர் நோயைக் கண்டறிய உதவும் இரத்தப் பரிசோதனை ஒன்றுக்கு முதன்முதலாக அனுமதி கொடுத்தது. ஃபுஜிரெபியோ நிறுவனத்தின் லூமிபல்ஸ் என்ற சோதனை அது. அதே ஆண்டு ஒக்டோபரில் ரோஷ் நிறுவனத்தின் இன்னொரு சோதனைக்கும் அனுமதி கிடைத்தது. அல்சைமராக இருக்க வாய்ப்பில்லாதவர்களை முதல்நிலை வைத்தியர் மட்டத்திலேயே பிரித்தெடுக்க உதவுவது அது. இவை என்றாவது ஒரு நாள் கொழும்புத் தனியார் ஆய்வுகூடங்களின் விலைப்பட்டியலில் ஏறும். பிறகு கண்டிக்கு வரும், ஹட்டன் டவுனுக்கும் வரும். நகையை அடகு வைத்தாவது அம்மாவுக்கு அந்த டெஸ்டைச் செய்துவிடலாம் என்று நம் பிள்ளைகள் ஓடுவார்கள். அந்த நாள் வருவதற்கு முன் நீங்கள் ஒரு முடிவு எடுத்து வைக்க வேண்டும் என்பதற்காகவே இதை எழுதுகிறேன்.

தோட்டத்துப் பிள்ளைகளும் இந்த மடலை வாசிப்பார்கள் என்பதால், சோதனை என்ன பார்க்கிறது என்பதைச் சொல்லிவிடுகிறேன். அல்சைமர் நோயில் மூளைக்குள் அமிலோயிட் என்ற புரதம் திட்டுத்திட்டாகப் படிகிறது. நரம்புக் கலங்களுக்குள் இருக்கும் டவ் என்ற இன்னொரு புரதமும் மாறுகிறது. அதன் 217ஆம் இடத்தில் பொஸ்பேட் ஒட்டிக்கொண்ட வடிவம் கொஞ்சம் கொஞ்சமாக இரத்தத்திலும் கசிகிறது. பி-டவ் 217 என்று அதற்குப் பெயர். லூமிபல்ஸ் சோதனை அந்த டவ்வையும் அமிலோயிட்டையும் அளந்து, இரண்டுக்குமான விகிதத்தைப் பார்க்கிறது. இதற்கு முன் இதை அறிய வழக்கமாக இரண்டு வழிகள்தான் இருந்தன: முதுகுத்தண்டில் ஊசி குத்தி நீர் எடுப்பது, அல்லது மூளையில் படிந்த அமிலோயிட்டைக் காட்டும் பெட் ஸ்கேன். பொகவந்தலாவையிலோ மடுல்சீமையிலோ இருக்கும் ஒரு பாட்டிக்கு இரண்டும் எட்டாத உயரம். இப்போது கையில் ஒரு குழாய் இரத்தம் எடுத்தால் போதும் என்கிறார்கள்.

அனுமதிக்காகப் பார்க்கப்பட்ட 499 பேரின் மாதிரிகளில், சோதனை 'உண்டு' என்று சொன்னவர்களில் 91.7 சதவீதத்தினருக்கு ஸ்கேனிலோ முதுகுத்தண்டு நீரிலோ அமிலோயிட் உறுதியானது. 'இல்லை' என்று சொன்னவர்களில் 97.3 சதவீதத்தினருக்கு அது உண்மையிலேயே இல்லை. 20 சதவீதத்துக்குக் குறைவானோருக்கு இரண்டுங்கெட்டான் முடிவு வந்தது. இவர்கள் எல்லோருமே ஏற்கெனவே ஞாபகக் கோளாறு இருந்தவர்கள் என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள். அதைப் பற்றிப் பின்னால் சொல்கிறேன்.

இதைவிட என்னை உலுக்கியது 2024இல் ஸ்வீடனிலிருந்து வெளிவந்த ஓர் ஆய்வு. ஞாபகக் கோளாறென்று வந்த 1213 பேரை வைத்துச் செய்தது. இது அல்சைமர்தானா என்பதை முதல்நிலை வைத்தியர்கள் வழக்கமான முறையில் சோதித்துச் சொன்னபோது 61 சதவீதம் சரியாக இருந்தது. மறதிநோய் நிபுணர்கள் சொன்னது 73 சதவீதம் சரி. இரத்தப் பரிசோதனை ஏறத்தாழ 91 சதவீதம் சரி. கொஞ்சம் யோசித்துப் பாருங்கள் ஐயா. வைத்தியரும் நோயாளியும் பெரும்பாலும் ஒரே மொழி பேசும் நாடு, எல்லோரும் பள்ளிக்கூடம் போன நாடு. அங்கேயே பேசிப் பார்த்துச் சொல்வது பத்துக்கு ஆறுதான் சரியென்றால் நம் மலையில் எத்தனை?

கண்ணால் பார்த்த ஒன்றைச் சொல்கிறேன். எந்த வைத்தியசாலை என்பது வேண்டாம். எழுபது தாண்டிய ஒரு பாட்டி, கொழுந்து பறித்து ஓய்ந்தவர். மருமகள் கூட்டிக்கொண்டு வந்திருந்தார். வைத்தியர் நல்ல மனுஷர், பொறுமையானவர். ஆனால் அவருக்குத் தமிழ் வராது. வாட்டில் வேலை செய்யும் ஒரு பையன்தான் இடையில் நின்று பேசினான்.

"இன்னைக்கு என்ன தேதின்னு கேக்குறாரு பாட்டி."

பாட்டி கொஞ்சம் யோசித்தார். "சம்பளம் போட்டு நாலு நாளாச்சுங்கய்யா."

பையன் வைத்தியர் பக்கம் திரும்பி, தெரியாதாம் என்று சிங்களத்தில் சொன்னான். தாளில் சைபர் விழுந்தது. அந்தத் தோட்டத்தில் சம்பளம் பத்தாம் தேதி. அன்றைக்குப் பதினான்கு.

பிறகு நூறிலிருந்து ஏழு ஏழாகக் கழிக்கச் சொன்னார்கள். ஒரு வசனம் எழுதச் சொன்னார்கள். ஒரு படத்தைப் பார்த்து வரையச் சொன்னார்கள். பாட்டி கைநாட்டு வைப்பவர். கொழுந்து நிறுக்கும்போது சாக்குக்கும் தண்ணீருக்கும் எத்தனை கிலோ கழிக்கிறார்கள் என்று காலம் முழுக்க மனக்கணக்கு வைத்த பெண், வாழ்க்கையில் முதல் தடவையாகப் பென்சிலைப் பிடித்துக்கொண்டு தலைகுனிந்து உட்கார்ந்திருந்தார். அவருக்கு மறதிநோய் இருந்ததா இல்லையா, எனக்குத் தெரியாது. அந்தத் தாளுக்கும் தெரியாது. இரத்தம் எதுவும் எடுக்கப்படவில்லை. கிளினிக் கொப்பியில் நோயின் பெயர் எழுதி, மாத்திரை கொடுத்து அனுப்பினார்கள்.

தோட்டப் பாடசாலைகளை அரசாங்கம் பொறுப்பேற்றது 1970களில்தான். இன்றைக்கு அறுபத்தைந்து, எழுபது வயதில் இருப்பவர்களின் பிள்ளைப்பருவத்தில் பெரும்பகுதி அதற்கு முன்னரே முடிந்துவிட்டது. ஒற்றை வாத்தியார் பாடசாலையில் இரண்டு மூன்று வகுப்புப் படித்தவர்கள் கொடுத்துவைத்தவர்கள். பெண்பிள்ளைகளில் பலர் தம்பி தங்கையைப் பார்த்துக்கொண்டு லயத்திலேயே நின்றுவிட்டார்கள். படிப்பை அளவுகோலாக வைத்த எந்த ஞாபகச் சோதனையும் இந்தத் தலைமுறைக்குச் செய்வது அநியாயம். அதோடு மொழியும் இடையில் நிற்கிறது. இரத்தக் குழாய் இந்த இரண்டையும் கேட்காது. எத்தனாம் வகுப்பு என்றும் கேட்காது, தமிழா சிங்களமா என்றும் கேட்காது. இந்த நாட்டில் யாருக்காவது இந்தப் புதிய சோதனை முதலில் தேவையென்றால் அது மலையகத்து முதியவர்களுக்குத்தான் என்று நான் சொல்வது இதனால்தான்.

ஆனால் நாளைக்கே பி-டவ் இயந்திரம் வாங்கித் தாருங்கள் என்று நான் கேட்கவில்லை. அதற்கு முன்னால் செய்ய வேண்டிய வேலை நம் ஆய்வுகூடங்களிலேயே கிடக்கிறது.

என் சின்னம்மா ஒருவர். ஓய்வு பெற்ற பிறகு மெல்ல மெல்ல மந்தமாகிப் போனார். அடுப்பில் உலை வைத்துவிட்டு மறந்துவிடுவார். பேரனின் பெயருக்கு மகனின் பெயரைச் சொல்வார். குரல் கரகரத்தது, முகம் கொஞ்சம் ஊதியது, எந்நேரமும் குளிர் குளிர் என்று இரண்டு ஸ்வெட்டரைப் போட்டுக்கொண்டு மூலையில் இருப்பார். நுவரெலியாப் பக்கத்தில் குளிர் என்று சொன்னால் யார் அதை நோயாக எடுப்பார்கள்? எல்லோரும்தான் ஸ்வெட்டர் போடுகிறோம். வீட்டார் கோடாங்கியைக் கூப்பிட்டுக் குறி கேட்டார்கள். டிஸ்பென்சரியில் வயசு என்றார்கள், பெரிய வைத்தியசாலையில் டிமென்ஷியா, அதாவது மறதிநோய், என்றார்கள். நான் ஊருக்குப் போயிருந்தபோது அவர் முகத்தைப் பார்த்துச் சந்தேகப்பட்டு இரத்தம் எடுத்து, தைரொயிட் சுரப்பியின் வேலையைக் காட்டும் டி.எஸ்.எச். பார்க்கச் செய்தேன். இலக்கம் எங்கோ உயரத்தில் நின்றது. தைரொயிட் சுரப்பி வேலை செய்வதையே கிட்டத்தட்ட நிறுத்தியிருந்தது. தைரொக்சின் மாத்திரை தொடங்கினார்கள். சில மாதங்களில் அடுப்படிக்குத் திரும்பினார். பழைய ஆளாக முழுக்கத் திரும்பினார் என்று சொல்லமாட்டேன், ஆனால் பேரனின் பெயர் அவனுக்கே திரும்பக் கிடைத்தது.

இப்படித் தேறுபவர்கள் சிலர்தான், மறதியென்று வருபவர்களில் பெரும்பாலோர் இப்படித் தேறமாட்டார்கள் என்பது ஆய்வுகூடத்தில் இருந்த எனக்குத் தெரியும். யாருக்கும் பொய் நம்பிக்கை கொடுக்க மாட்டேன். என்றாலும் அந்தச் சிலர் யார் என்று இரத்தம் எடுக்காமல் கண்டுபிடிக்க முடியாது. டி.எஸ்.எச்., விற்றமின் பி12, முழுக் குருதிக் கணக்கு, சோடியம், கல்சியம், சீனி, சிறுநீரகம், ஈரல். தேவைப்பட்டால் சிபிலிஸ் நோய்க்கான வி.டி.ஆர்.எல். உலகத்தில் எந்த ஊர் மறதிநோய்க் கிளினிக்கிலும் முதலில் பார்ப்பது இவற்றைத்தான். இவற்றில் பெரும்பாலானவை ஆதார வைத்தியசாலைகளிலேயே செய்யக்கூடியவை. செய்வதில்லை என்பதுதான் விஷயம். பி12 என்றால் துண்டு எழுதி வெளியில் செய்துவரச் சொல்கிறார்கள். துண்டோடு போன குடும்பம் விலையைக் கேட்டுவிட்டு வீட்டுக்குப் போய்விடுகிறது.

பி12ஐப் பற்றி இன்னும் ஒரு வார்த்தை. நம் ஆட்களில் சீனி வருத்தத்துக்கு மெட்போர்மின் விழுங்குபவர்கள் ஏராளம். ஆண்டுக்கணக்காக அந்த மாத்திரையை எடுப்பவர்களுக்கு உடம்பில் பி12 குறையலாம். ரொட்டியும் சம்பலும், சோறும் பருப்பும், இறைச்சி முட்டை எப்போதாவது என்று சாப்பிடும் வீட்டில் அந்தக் குறை இன்னும் கூடும். பி12 குறைந்தால் கை கால் விறைக்கும், ஞாபகமும் தடுமாறும். ஊசி போட்டுச் சரிசெய்யக்கூடிய ஒன்றைக் கவனிக்காமல் விட்டால் நாளடைவில் நரம்பு திரும்பாமலே போய்விடும். சீனிக் கிளினிக்குக்கு வரும் முதியவரின் கொப்பியில் இந்த ஒரு வரியைச் சேர்ப்பது அவ்வளவு பெரிய வேலையா?

அதேபோல மாத்திரைப் பையையும் கொட்டிப் பார்க்கச் சொல்லுங்கள். தடிமனுக்கும் அரிப்புக்கும் கொடுக்கும் குளோர்பெனிரமின், தூக்கத்துக்குக் கொடுக்கும் டயஸிபாம், நரம்பு வலிக்குக் கொடுக்கும் அமிட்ரிப்டிலின். வயதானவர்களின் மூளையை மந்தமாக்கும் மருந்துகள் இவை. டிஸ்பென்சரியில் ஒன்று, கிளினிக்கில் ஒன்று, டவுன் பார்மசியில் ஒன்று என்று மூன்றும் ஒரே பைக்குள் சேர்ந்திருப்பதை நான் பார்த்திருக்கிறேன்.

இனி புதிய சோதனைக்கு வருகிறேன். அது வரும்போது எப்படி வர வேண்டும் என்பதில் நீங்கள் உறுதியாக இருக்க வேண்டும்.

சிறுநீரகம் பழுதானவர்களின் இரத்தத்தில் பி-டவ் 217 அல்சைமர் இல்லாமலேயே உயர்ந்து நிற்கலாம். சீனியும் பிரஷரும் ஆண்டுக்கணக்கில் கவனிக்கப்படாமல் கிடந்த ஒரு சமூகத்தில் இது சின்ன விஷயம் இல்லை. சிறுநீரகம் வேலை செய்வதைக் காட்டும் கிரியற்றினின் பார்க்காமல் பி-டவ் இலக்கத்தை மட்டும் கையில் கொடுத்தால், இல்லாத நோயை நாம் எழுதிவிடுவோம். மறுபக்கம், பக்கவாதத்தாலும் மூளையின் சின்ன இரத்தக் குழாய்கள் அடைபடுவதாலும் வரும் மறதியை இந்தச் சோதனை காட்டாது. பிரஷர் மாத்திரையை விட்டு விட்டுக் குடித்து, இரண்டு தடவை வாய் கோணி, பிறகு ஞாபகம் போன ஒருவருக்குச் சோதனை 'இல்லை' என்று வரலாம். அவருக்கு மறதிநோய் இல்லை என்று ஆகிவிடாது. அவருக்குத் தேவை சி.டி. ஸ்கேனும் பிரஷர் கட்டுப்பாடும். குடியால் வந்த மறதியும் அப்படித்தான். அதற்குத் தயமின் என்ற விற்றமின் பி1 கொடுக்க வேண்டும், பி-டவ் பார்த்துக்கொண்டிருக்கக் கூடாது.

அறிகுறி இல்லாதவர்களுக்கு இந்தச் சோதனையைச் செய்யக் கூடாது. அமெரிக்காவில் கொடுத்த அனுமதியே குறிப்பிட்ட வயதைத் தாண்டிய, அறிகுறி உள்ளவர்களுக்குத்தான். மேலே சொன்ன 91.7 சதவீதம் எல்லாம் அப்படிப்பட்டவர்களில் வந்தது. நல்ல தெளிவோடு இருக்கும் ஆட்களுக்கு வரிசையாகச் செய்தால் தவறாக 'உண்டு' என்று வருவது கூடும். மறதி வருமா என்று இப்போதே தெரிந்துகொள்ளுங்கள் என்று ஒரு விளம்பரம் வந்தால், அதை ஒழுங்குபடுத்த வேண்டியது சுகாதார அமைச்சும் தனியார் மருத்துவ நிறுவனங்களைப் பதிவு செய்யும் பொறுப்பில் இருப்பவர்களும். உங்கள் மாகாணங்களிலிருந்து அந்தக் குரல் எழ வேண்டும்.

இந்தச் சோதனைகளின் எல்லைக்கோடுகள் பெரும்பாலும் ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் எடுத்த இரத்தத்தை வைத்துப் போட்டவை. நம் மக்களுக்கு அதே கோடு பொருந்துமா என்று பார்க்க வேண்டிய பொறுப்பு நம் பல்கலைக்கழகங்களுக்கு உண்டு. 2003இல் வெளிவந்த ராகமை ஆய்வு 65 தாண்டியவர்களில் நூற்றுக்கு ஏறத்தாழ நான்கு பேருக்கு மறதிநோய் இருப்பதாகச் சொன்னது. மலைக்கும் அப்படியொரு ஆய்வு வேண்டும். பேராதனை மருத்துவ பீடம் நமக்குப் பக்கத்தில்தான் இருக்கிறது. பீடத்தோடு சேர்ந்து, தோட்டங்களில் தமிழ் தெரிந்த பிள்ளைகளை வைத்து அதைச் செய்யுங்கள். இரத்தமும் அப்போதே எடுக்கலாம்.

இரத்தத்தை எடுப்பதிலும் ஒரு கவனம் வேண்டும். இரத்தம் உறையாமல் தடுக்கும் ஈ.டி.டீ.ஏ. குழாயில் எடுத்து, நேரம் கடத்தாமல் சுழற்றி, பிளாஸ்மா என்ற நீர்ப்பகுதியைப் பிரித்துக் குளிரில் வைக்க வேண்டும். அறை வெப்பத்தில் கிடந்தால் அமிலோயிட் அளவு இறங்கிவிடும், விகிதம் பிழைத்துவிடும். மஸ்கெலியாவில் காலையில் எடுத்த இரத்தம் மத்தியானம் வரை மேசையில் கிடந்து, பின்னேரம் அம்பியுலன்ஸ் போகும்போது ஏறி, அடுத்த நாள் கொழும்பில் இறங்கினால் அதன் முடிவை நான் நம்பமாட்டேன். அதனால் ஊருக்கு ஊர் இயந்திரம் தேவையில்லை. நுவரெலியா, டிக்கோயா, பதுளை போன்ற சில இடங்களில் பிரித்து உறைய வைக்கும் வசதியும், கண்டியில் ஓர் இயந்திரமும், வாரத்துக்கு ஒரு தடவை ஒழுங்காக ஓடும் குளிர்ப்பெட்டியும் இருந்தால் போதும். சுழற்றும் இயந்திரம் நம் ஆய்வுகூடங்களில் ஏற்கெனவே உண்டு. வேண்டியது ஆழ்குளிர்ப் பெட்டியும், அதைப் பொறுப்பெடுக்க ஒரு ஆளும்.

ஞாபகச் சோதனையையும் விட்டுவிட முடியாது. இரத்தம் தனியாக ஒருவரின் நோயைச் சொல்லாது, ஆளைப் பார்த்துப் பேசித்தான் ஆக வேண்டும். அதற்கும் நல்ல வழி உண்டு. ரூடாஸ் என்றொரு சோதனை, பல மொழி பேசும் குடிவந்த மக்களுக்காக 2004இல் அவுஸ்திரேலியாவிலிருந்து வந்தது. எழுத்தும் வாசிப்பும் தேவையில்லை. கடைக்குப் போக நான்கு சாமானை நினைவில் வைக்கச் சொல்கிறது: தேயிலை, சமையல் எண்ணெய், முட்டை, சவர்க்காரம். பரபரப்பான தெருவைக் கடப்பது எப்படி என்று கேட்கிறது. இதை நம் மலையகத் தமிழில், நம் பாட்டிமாருக்குப் புரியும் பேச்சில் சரிபார்த்துக்கொள்ளலாம். கேட்பவருக்குத் தமிழ் தெரிந்திருக்க வேண்டும், வாட்டுப் பையனை நிறுத்தி மொழிபெயர்ப்பது இனி வேண்டாம். தமிழ் பேசும் தாதியரும் குடும்பநல மருத்துவிச்சிமாரும் நம்மிடம் இருக்கிறார்கள். பயிற்சி கொடுத்தால் அழகாகச் செய்வார்கள்.

மருந்தில்லாத நோய்க்குப் பெயர் தெரிந்து என்ன பயன் என்று உங்களில் சிலர் கேட்கலாம். அமிலோயிட்டைக் குறைக்கும் என்று உலகில் பேசப்படும் லெகனெமாப், டொனனெமாப் ஊசிகள் நம் மக்களுக்கு இப்போதைக்கு இல்லைதான். ஆனால் பெயர் தெரியாததால் என்ன நடக்கிறது என்பதை நான் பார்க்கிறேன். ஓய்வு பெற்ற ஒரு கங்காணி விடியற்காலையில் எழுந்து, ஆட்களுக்கு வேலை பிரித்துக் கொடுக்கும் பிரட்டுக் களத்துக்குப் போய் நிற்பார். ஆட்களின் பெயரைக் கூப்பிடுவார். முதலில் சிரித்தார்கள், பிறகு திட்டினார்கள், பிறகு வீட்டில் பூட்டி வைத்தார்கள். சேவைக்காலப் பணத்தில் மிச்சமிருந்தது பரிகாரத்துக்கும் கோடாங்கிக்கும் போனது. இது ஒரு மூளை நோய், அவர் வேண்டுமென்று செய்யவில்லை என்று வைத்தியர் ஒருவர் உட்கார்ந்து தமிழில் விளக்கியிருந்தால் அந்தப் பணமும் மிஞ்சியிருக்கும், அந்த மகனின் கையும் அப்பா மேல் ஓங்கியிருக்காது. அல்சைமருக்குக் கொடுக்கும் டொனெபெசில் மாத்திரை இந்த நாட்டில் உண்டு. கொஞ்சக் காலம் கைகொடுக்கும். பிரஷரையும் சீனியையும் பிடித்து வைக்கலாம், காது கேட்கும் கருவி கொடுக்கலாம், கண்ணில் புரை இருந்தால் எடுக்கலாம். 2024இல் வெளியான லான்செட் ஆணைக்குழு அறிக்கை, உலகிலுள்ள மறதிநோயில் 45 சதவீதம் வரை மாற்றக்கூடிய 14 காரணிகளோடு தொடர்புடையது என்கிறது. படிப்பின்மை, காது கேளாமை, பிரஷர், சீனி, புகை, குடி, தனிமை எல்லாம் அதில் வருகின்றன. ஒரு தோட்டத்து முதியவரின் வாழ்க்கையை யாரோ எழுதி வைத்ததுபோல இருக்கிறது அந்தப் பட்டியல்.

ஆகவே உங்களிடம் நான் கேட்பது இது. ஞாபகக் கோளாறென்று ஒரு முதியவர் எந்த மலையக வைத்தியசாலைக்கு வந்தாலும், நான் மேலே சொன்ன அடிப்படை இரத்தப் பரிசோதனைகள் பி12 உட்பட இலவசமாக, உள்ளேயே செய்யப்பட வேண்டும் என்று ஒரு சுற்றறிக்கை விடுங்கள். அந்த முடிவுகள் வராமல் கொப்பியில் டிமென்ஷியா என்று எழுத வேண்டாம். மனநல வைத்திய அதிகாரியின் கிளினிக் நாட்களில் தமிழ் பேசும் ஒருவர் கட்டாயம் இருக்க ஒழுங்கு செய்யுங்கள். தோட்ட வைத்திய உதவியாளர்களுக்கு, மறதியென்று வருபவரை வயசு என்று திருப்பி அனுப்பாமல் ஆதார வைத்தியசாலைக்குக் கடிதம் கொடுத்து அனுப்பும் அதிகாரத்தையும் பழக்கத்தையும் கொடுங்கள். தோட்டக் கம்பனிகள் வாகனம் கொடுக்கட்டும். நாற்பது ஆண்டு கொழுந்து பறித்துக் கொடுத்தவருக்கு ஒரு லொறியில் முன் சீட்டு பெரிய செலவில்லை. புதிய சோதனை இந்த நாட்டுக்கு வரும்போது, அரச வைத்தியசாலை வழியாக, நிபுணரின் கடிதத்தோடு, அறிகுறி உள்ளவர்களுக்கு மட்டும் செய்ய மலையகத்தையும் முதல் கட்டத்திலேயே சேர்க்கும்படி அமைச்சிடம் எழுத்தில் கேளுங்கள்.

ஆய்வுகூடப் பக்கத்து வேலைகளுக்கு, மாதிரி சேகரிக்கும் முறையை எழுதிக் கொடுக்கவும், இளம் தொழில்நுட்பவியலாளர்களுக்குப் பழக்கிக் காட்டவும் நான் தயாராக இருக்கிறேன். சம்பளம் வேண்டாம். என்னைப்போல ஓய்வு பெற்ற தாதியரும் மருந்தாளரும் இந்தப் பக்கத்தில் இன்னும் பலர் இருக்கிறார்கள், கூப்பிட்டால் வருவார்கள். உங்கள் பதிலைத் தமிழிலும் சிங்களத்திலும் எல்லா ஆதார வைத்தியசாலைகளின் அறிவித்தல் பலகையிலும் போடும்படி கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற மருத்துவ ஆய்வுகூடத் தொழில்நுட்பவியலாளர் ஒருவர்,
ஹட்டன்.